வெயில் மச்சான் கோபித்துக்கொண்ட வருஷம்

எங்கள் செங்கரட்டிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். அதனால் கடற்காற்று என்பது எங்களுக்குப் போய்வந்தவர்கள் சொல்லிக் கேட்கிற சங்கதிதான். ஊரைச் சுற்றி மொட்டைக் கரடுகள் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அவை சித்திரையில் அடுப்புக்கல்லாகக் காய்ந்தும் மார்கழியில் அம்மிக்கல்லாகக் குளிர்ந்தும், நடுவில் கிடக்கிற எங்களை வருஷத்தில் ஒரு தடவை வறுத்து ஒரு தடவை நடுங்கவைத்து எடுக்கும். மணிக்கூண்டில் நகராட்சி மாட்டியிருக்கும் சிவப்பு எழுத்துப் பலகை மார்கழி விடியலில் பதினாறு டிகிரி என்று காட்டும், கத்திரி உச்சியில் நாற்பத்துமூன்று என்று காட்டும். இரண்டையும் தாங்கியவனுக்குத்தான் செங்கரட்டில் பெண் கொடுப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அதில் கேலி ஒன்றும் இல்லை, அப்படித்தான் கொடுப்போம்.

குளிர் எங்களுக்கு விருந்தாளி. வரும், ஒரு மாதம் ஒதுங்கி இருக்கும், சொல்லிக்கொண்டு போகும். வெயில் அப்படி இல்லை. வெயில் எங்களுக்கு மச்சான். எந்தத் தலைமுறையில் யார் கட்டிக்கொடுத்த உறவு என்று யாரும் கேட்டதில்லை. மச்சானை மச்சான் என்று ஒருவர் சொல்லியா தெரியவேண்டும்? கூப்பிடாமல் வருவான், செருப்பைக் கழற்றாமல் அடுப்படி வரைக்கும் போவான், பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பான், கொடியில் கிடக்கும் சேலையின் சாயத்தை உரித்துக்கொண்டு ஓடுவான். அப்படிப்பட்டவனை எப்படி வரவேற்பது? திட்டித்தான்.

கத்திரி பிறக்கிற அன்று உச்சிப்பொழுதில் ஊர் முழுக்க மணிக்கூண்டடியில் கூடும். அதற்குக் கத்திரி வசவு என்று பெயர். பெற்றவர்களை இழுக்கக்கூடாது, பிறப்பை இழுக்கக்கூடாது, மச்சானை எது சொல்லித் திட்டலாமோ அது மட்டும்தான். ஆனால் அதில் குறை வைக்கக்கூடாது. எல்லோரும் திட்டலாம் என்றாலும் முதல் வசவு இருளாயி அக்காவுடையது. மார்க்கெட் முக்கில் மண்பானைக் கடை வைத்திருப்பவர், ஐம்பதை எட்டப் போகிறவர், சாதாரண நாளில் எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர். அன்றைக்கு மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாந்தால் காக்கைகூடப் பறக்காது.

“டேய் எடுபட்ட பயலே! வந்துட்டியா? போன வருசம் எங்க ஊருக் கெணறு அத்தனையும் குடிச்சியே, அது என்ன வயிறா தாழியாடா? தார் ரோட்டை உருக்கி எஞ் செருப்பைப் புடுங்கிக்கிட்டுப் போன திருட்டுப் பய தானடா நீ! விளங்காதவனே, வந்தது வந்துட்ட, மோரைக் குடிச்சிட்டு ஒழுங்கா இரு!”

சொல்லி முடித்து ஒரு பானை மோரை நடுரோட்டில் ஊற்றுவார். ரோடு ‘உஸ்’ என்று உறிஞ்சும். ஊர் ஆர்ப்பரிக்கும். அந்த நிமிஷமே வெக்கை எங்கள் தோளில் கை போட்டுக்கொண்டது போல் இறங்கும், பலகை நாற்பத்து இரண்டைத் தொடும், நாங்கள் ஆளுக்கொரு துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு ‘சனியன் வந்துட்டான்யா’ என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவோம்.

இந்த ஏற்பாட்டில் குறை கண்டவர் சோலைராசு. அவர் வேறு யாரும் இல்லை, இருளாயியின் ஒரே தம்பி. படித்து, பெரிய கண்டம் ஒன்றின் நட்டநடுவில், நாலு திசையும் கோதுமை மட்டுமே தெரிகிற ஒரு நகரத்தில் பல வருஷம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். அங்கேயும் கடல் கிடையாது. தை மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது வரை போகுமாம், கண்ணிமையில் ஐஸ் கட்டுமாம். ஆடியில் நம்ம ஊர்ப் புழுக்கம் புழுங்குமாம். “ஆனா ஒருத்தர்கூடக் குளிரைத் திட்டமாட்டாங்க. காலையில எத்தனை டிகிரின்னு கேட்பாங்க, அதுக்குத் தகுந்த கோட்டைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவாங்க” என்பார். “அங்க குளிரு யாருக்கு என்னா முறை வேணும்?” என்று டீக்கடை காஜா மைதீன் ஒருநாள் கேட்டார். “முறையெல்லாம் இல்ல பாய்.” “அதான பாத்தேன்” என்று காஜா டீயை ஆற்றினார்.

நல்ல மனுஷர்தான். நகர் நல மன்றத்துக்குச் செயலாளர் ஆனார், சாக்கடைக்கு மூடி போட்டார், மணிக்கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். போன வருஷம் யாரோ இருளாயியின் வசவைப் படம் பிடித்துப் போட, அது செல்போன் செல்போனாகச் சுற்றி, எங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் ‘காட்டுமிராண்டி ஊர்’ என்று சிரித்துவைத்தார்கள். அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. அக்காவைப் பார்த்து ஊர் உலகம் சிரிப்பதா என்ற வருத்தம்தான், வேறு கெட்ட எண்ணம் கிடையாது. இந்த வருஷம் வசவு வேண்டாம், ‘கோடை வரவேற்பு விழா’ நடத்துவோம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டார். புதுசாக இருந்ததால் நாங்களும் கையைத் தூக்கிவிட்டோம்.

அக்காவுக்கு அவர் பத்திரிகை அனுப்பினார். மன்றத்து ஆள் ஒருவர் கொண்டுவந்து பானைக்கடையில் கொடுத்தார். உறையின் மேலே ‘திருமதி இருளாயி அம்மாள் அவர்கள்’ என்று அச்சில் இருந்தது. முன்வரிசையில் பெயர் ஒட்டிய நாற்காலி போட்டிருப்பதாகவும் சொன்னார்.

இருளாயி அந்த உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “எந் தம்பி எனக்கு ஆள்விட்டுப் பத்திரிகை வைக்கிறானா?” என்றார். “ஒரே தட்டுல சோறு தின்ன பய. நாஞ் சோத்தைப் பெசைஞ்சு ஊட்டுன பய. நாற்காலியாம்ல!” கடையின் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டு உள்ளே போனவர்தான், அப்புறம் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை.

விழா பிரமாதமாக நடந்தது. மணிக்கூண்டடியில் மேடை, மேடையில் கத்திரிக்கென்று சிவப்புத் துணி விரித்த காலி நாற்காலி, அதற்குச் சந்தன மாலை. மன்றத் தலைவர் நாற்காலியின் முதுகில் பொன்னாடை போர்த்தினார், குத்துவிளக்கு ஏற்றினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். சோலைராசு மைக்கைப் பிடித்து, “கோடைப் பெருந்தகையே, தங்கள் பொன்னான வருகையால் எங்கள் எளிய நகரம் பெருமையடைகிறது” என்று ஆரம்பித்தார். பலகையில் நாற்பத்தொன்று என்று இருந்தது நாற்பதானது. பேச்சு வளர வளர முப்பத்தாறு, முப்பத்திரண்டு. நன்றியுரையில் ‘தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி’ என்றபோது கூட்டத்தில் ஒரு பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றபோது எங்கள் எல்லோர் கையிலும் மயிர் சிலிர்த்து நின்றது; அது கீதத்தினால்தான் என்று அப்போது நினைத்தோம்.

மறுநாள் காலை செங்கரட்டில் மார்கழி.

கரடுகளுக்கு அந்தப் பக்கம், தாலுகா எல்லையைத் தாண்டினால், வழக்கம்போல் அனல் பறந்தது. பஸ்காரர்கள் எல்லைக்கல் வந்ததும் வண்டியை நிறுத்தி மப்ளர் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எங்கள் ஊருக்குள் மட்டும் சூரியன் எட்டத்தில் நின்று, கோபத்தில் இருக்கிற சம்பந்தி பந்தியில் ஒரு வாய் தொட்டு வைப்பது போல வெளிச்சத்தை மட்டும் தொட்டு வைத்துவிட்டுப் போனது. பலகை பதினெட்டில் நின்றது.

நாங்கள் ரொம்ப ஆச்சரியப்பட்டோம் என்று சொல்ல முடியாது; வந்ததை வைத்துப் பிழைக்கத் தெரிந்த ஊர். பரணில் கிடந்த கம்பளிகள் இறங்கின, அந்துருண்டை வாசனை தெருவெல்லாம் அடித்தது. பெண்கள் வைகாசியில் மார்கழிக் கோலம் போட்டார்கள், சாணி உருண்டையில் வைக்கப் பூசணிப் பூ கிடைக்காமல் கத்தரிப் பூவை வைத்துச் சமாளித்தார்கள். பஜனைக்காரர்கள் ஜால்ராவைத் துடைத்துக்கொண்டு விடியலில் கிளம்பி, மாதம் தவறிப் பாடினால் பெருமாள் கோபிப்பாரா என்று பட்டரைக் கேட்க, “போர்வையோட வர்றவாளைப் பெருமாள் கேள்வி கேக்கமாட்டார், பாடுங்கோ” என்று அவர் சொல்லிவிட்டார். குச்சி ஐஸ் வண்டிக்காரர் அதே மணியை ஆட்டிச் சுக்குக் காப்பி விற்றார். மாப்பிள்ளைகள் கோட்டு சூட்டில் வியர்க்காமல் உட்கார்ந்திருந்ததால், மாப்பிள்ளைக்கு விசிறுகிற சாக்கில் பேச்சுக் கொடுக்கக் காத்திருந்த கொழுந்தியாள்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். வடகத்துக்கு ஊற்றிய கூழ் மொட்டைமாடியில் காயாமல் தயிராகப் புளித்தது. மாங்காய் மாங்காயாகவே இருந்தது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் பேச்சுதான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற இரண்டு அந்நியர்கள் எங்கள் ஊரில் ‘என்னா வெயிலு!’ என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அந்த வாசல் அடைபட்டுப்போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்கள். கடன் கேட்கப் போனவன், பெண் கேட்கப் போனவன், துக்கம் கேட்கப் போனவன் எல்லோரும் முதல் வாக்கியம் கிடைக்காமல் திரும்பி வந்தார்கள்.

ஆனாலும் பெருமையாக இல்லாமல் இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வெந்துபோன ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். லாட்ஜுகளில் இடமில்லை. மணிக்கூண்டருகில் யாரோ ‘குட்டி ஊட்டி உங்களை வரவேற்கிறது’ என்று தட்டி வைத்தார்கள். “மரியாதை குடுத்தோம், வெயிலும் மரியாதையா ஒதுங்கிக்கிச்சு” என்று மன்றத் தலைவர் பேட்டி கொடுத்தார். சோலைராசு கோதுமை தேசத்துக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார், எல்லோரும் கும்பிட்டார்கள். பானைக்கடை மட்டும் படுதாவை இறக்கியபடி இருந்தது.

அப்போதுதான் தேன்மொழிக்கு வலி எடுத்தது.

தேன்மொழி சோலைராசுவின் மனைவி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. ஆவணியில் பிறக்கவேண்டியவன், என்ன அவசரமோ, வைகாசியிலேயே வந்துவிட்டான். பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். ஒரு கையில் அடங்குகிற பிள்ளை. விரல்கள் வெண்டைக்காய்க் காம்பு மாதிரி.

டாக்டர் ஜெசிந்தா எங்கள் ஊரிலேயே பிறந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளையே பார்க்கிறவர். சோலைராசுவைத் தனியாக அழைத்துச் சொன்னார். “பெட்டி நல்ல பெட்டிதான் சார். ஆனா பெட்டி பால் குடுக்காது. இவனை வெளியில எடுத்து அம்மா நெஞ்சுல ஒட்டிப் போடணும். அப்பத்தான் குடிப்பான், எடை ஏறும். ஒவ்வொரு தடவையும் எடுக்கிறோம், இந்தக் குளிருல கால் நீலமாகுது, திருப்பி உள்ள வைக்கிறோம். ஹீட்டர் வச்சுப் பாத்தாச்சு, கூடம் பெருசு, சூடு நிக்கமாட்டேங்குது. மத்த வருசம்னா இந்தப் பேச்சே இல்ல. நம்ம ஊருல கத்திரியில பொறந்த குறைமாசப் பிள்ளைகளுக்கு ஊரே பெட்டி. தானா வெளிய வந்துருவாங்க.”

“வெளியூருக்குக் கொண்டு போகலாமா?”

“வழியில தாங்கமாட்டான் சார்.”

அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துபோயிற்று. குட்டி ஊட்டித் தட்டியை யாரோ சத்தமில்லாமல் கழற்றிச் சுருட்டி வைத்தார்கள். வெயிலைத் திரும்ப அழைக்கவேண்டும் என்று மன்றம் கூடியது. கூடி, எங்கள் புத்திக்கு எட்டியதைச் செய்தது: இன்னும் பெரிய மேடை போட்டது. நாற்காலிக்குப் பதில் சோபா. சந்தன மாலைக்குப் பதில் ஆளுயர ரோஜா மாலை. நாதஸ்வரம். சோலைராசு மன்னிப்புரை வாசித்தார்: “தாங்கள் பெருந்தன்மையுடன் எங்கள் பிழை பொறுத்து…” அதற்கு மேல் எங்களுக்குக் கேட்கவில்லை, பல் அடித்துக்கொண்ட சத்தத்தில். பதினெட்டு பதினான்கானது. செங்கரட்டின் சரித்திரத்திலேயே பலகை பதினான்கைக் காட்டியதில்லை. நாதஸ்வரக்காரரின் சீவாளி விறைத்துக் கரகரப்பிரியா பாதியில் நின்றது.

சோலைராசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தேன்மொழி சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே, “மாலை போட்டீங்களாக்கும்” என்றாள்.

“ரோஜா மாலை.”

“சோபா?”

“போட்டோம்.”

அவள் திரும்பினாள். “உங்க அக்காவுக்கு நாற்காலி போட்டீங்க, நம்ம வீட்டுக்கு வர்றதையே விட்டுட்டாங்க. பிள்ளை பிறந்ததுக்குக்கூட வரல. சொந்தக்காரனுக்கு மேடை போட்டா அவன் என்னன்னு நினைப்பான்? ‘நம்மளை வாசலோட நிறுத்திட்டாங்க’ன்னு நினைக்கமாட்டானா? நீங்க வேலை பாத்த ஊருல எப்படியோ. முதல்ல அக்காவைக் கூட்டிட்டு வாங்க.”

அவர் எழுந்து நேராகப் பானைக்கடைக்கு வந்தார். நாங்கள் நாலைந்து பேர் எதிரே காஜா மைதீன் கடையில் அடுப்பைச் சுற்றி நின்றிருந்தோம். ஆகவே இது நாங்கள் கண்ணால் கண்டது.

படுதாவை விலக்கிக்கொண்டு இருளாயி எட்டிப் பார்த்தார். “வாங்க சார், வாங்க. உக்காருங்க. என்னா மாதிரிப் பானை பாக்குறீங்க? கொழா வச்சதா, சாதாவா?”

“அக்கா…”

“குளிர்காலத்துல பானை விக்கிறது ஊருலயே நம்ம கடைதான் சார். நல்ல சரக்கு. தட்டிப் பாருங்க.”

“அக்கா, நான் செஞ்சது பெரிய தவறு. என்னை மன்னிக்கணும்.”

“ஐயய்யோ! செயலாளர் வாயால மன்னிப்பெல்லாம் எதுக்கு? பாய், சாருக்கு ஒரு டீ போடுங்க. சீனி கம்மியா.”

காஜா அசையவில்லை. சோலைராசுவுக்குள் இருந்து, கோதுமை தேசத்துக்குப் போவதற்கு முன்னால் எங்கள் தெருவில் டவுசரோடு ஓடிய ஒரு பயல் வெளியே குதித்தான்.

“அடியே கருவாச்சி! மருமகன் அங்க உசுருக்கு மல்லுக்கட்டுறான், நீ இங்க குத்தவச்சுப் பானையைத் தட்டிக்கிட்டா இருக்க? எந்திரிடி!”

தெரு அப்படியே நின்றது. இருளாயி கையிலிருந்த மூடியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மூடியாலேயே அவர் உச்சந்தலையில் ‘ணங்’ என்று ஒன்று வைத்தார். மூடி இரண்டாக உடைந்தது.

“இந்த வாயை எங்கடா ஒளிச்சு வச்சிருந்த இம்புட்டு நாளா?” என்றார். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “மருமகன் யாரு சாடை?”

“உன் மூக்கு.”

“வெளங்குன மாதிரித்தான். வா.”

மணிக்கூண்டடிக்குப் போவதற்குள் பின்னால் ஊரே சேர்ந்துவிட்டது. வழியில் யாரோ ஒரு பானை மோர் கொண்டுவந்தார்கள். இருளாயி முந்தானையைச் செருகுவார், அண்ணாந்து ஆரம்பிப்பார் என்று எல்லோரும் வட்டமாக ஒதுங்கி நின்றோம். அவர் செருகவில்லை.

“நான் ஏன்டா திட்டணும்? நாற்காலி போட்டு அசிங்கப்படுத்துனது நீ. நீ திட்டு.”

“எனக்கு வராதுக்கா.”

“இப்ப என்னையத் திட்டுன?”

“அது தானா வந்துச்சு.”

“அப்ப அதையும் தானா வரவை.”

சோலைராசு வானத்தைப் பார்த்தார். தொண்டையைச் சரி செய்துகொண்டார். “நீ… ஒரு… பொறுப்பற்றவன். கடமை உணர்ச்சி சிறிதும் இல்லாதவன்.”

“சார், இது ஹெட்மாஸ்டர் ஆண்டறிக்கை” என்றார் காஜா.

“ஒத்துழைப்பு நல்கத் தவறிய…”

“மனு எழுதுறாருய்யா!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, சிரிப்பு கிளம்பியது. பலகை அசையவில்லை.

“முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுடா” என்றார் இருளாயி. “இம்புட்டையும் போத்திக்கிட்டு வாடான்னா எவன் வருவான்?”

கோட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த ஸ்வெட்டரைக் கழற்றினார். பனியனோடு அந்தப் பதினான்கு டிகிரியில் நின்றபோது அவர் உடம்பு வெடவெடவென்று ஆடியது. ஆடிய உடம்பு, அதே குளிரில் ஒரு கைப்பிடி உடம்பு என்ன பாடுபடும் என்பதை அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். முகம் மாறியது. இடுப்பு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“டேய்!” என்றார். கரட்டில் பட்டு அது திரும்பி வந்தது. “டேய் கோணப்பயலே! எங்கடா போய்ப் படுத்துக் கெடக்க? ஒரு பொன்னாடை, ஒரு நாற்காலி! அதுக்காடா உனக்கு இம்புட்டு ரோசம்? உருகுன தாரைத் தின்னவன், சாக்கடைத் தண்ணியைக் குடிச்சவன், ஊருல ஒருத்தன் வீட்டுக் கூரையை விடாம ஏறுனவன், உனக்கு ரோசம் ஒரு கேடா? எனக்கு மச்சான்னு ஊரே சொல்லுது. எனக்கு மச்சான்னா எம் பிள்ளைக்கு யாருடா நீ?”

நாங்கள் யாரும் இதுவரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது.

“தாய்மாமன் இல்லையாடா? தேனுக்குக் கூடப்பிறந்தவன்னு ஒருத்தன் கிடையாது. எங்க ஊருல இருக்கான் ஒருத்தன், கூப்பிடாமலே வருவான்னு உன்னை நம்பித்தானடா அவளைக் கூட்டிட்டு வந்தேன்! முத ஆளா ஓடிவந்து நாக்குல சீனித்தண்ணிச் சேனை தொட்டு வைக்கவேண்டிய பய, மருமகன் காலு நீலம் பாரிச்சுக் கெடக்கான், நீ எந்தக் கரட்டுக்குப் பின்னாலடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? வெக்கங்கெட்டவனே, வாடா! வந்து தொலைடா! உன் மருமகனை வந்து தூக்குடா!”

குரல் உடைந்து அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் நாய்களுக்குத்தான் தெரிந்தது. ஐஸ் வண்டிக்குக் கீழே சுருண்டு கிடந்த இரண்டும் எழுந்து, நாக்கைத் தொங்கப்போட்டு, நிழல் தேடி நடந்தன. பிறகு எங்கிருந்தோ வேப்பம்பூ வாசனை. மேற்குக் கரட்டின் தலை கானலில் நெளிந்தது. யாரோ, “ஏய், பலகையைப் பாரு!” என்றார்கள். இருபது. இருபத்தேழு. எண்கள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த சொந்தக்காரன் படியைத் தாவி ஏறுவது மாதிரி ஏறின. முப்பத்தைந்தில் சட்டைகளைக் கழற்றினோம். முப்பத்தொன்பதில் பெண்டுகள் குலவை போட்டார்கள். இருளாயி மோர்ப் பானையைக் கவிழ்த்தார். ரோடு அதை ஒரே மடக்கில் குடித்தது. அதன் பிறகு திட்டாதவர்கள் பாக்கியில்லை. பட்டர் திட்டினார், காஜா திட்டினார், மன்றத் தலைவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுத் திட்டினார், பக்கத்து ஊரிலிருந்து குளிர்காய வந்த… இல்லை, குளிருக்காக வந்த ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டே எங்களையும் சேர்த்துத் திட்டினார்கள்.

அக்காவும் தம்பியும் அங்கே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வார்டுக்குள் நுழைகிற நேரத்தில், செங்கரட்டின் அத்தனை வீட்டிலும் அத்தனை மின்விசிறியையும் ஒரே சமயத்தில் போட்டிருப்பார்கள் போல, டப்பென்று கரண்ட் போயிற்று. கண்ணாடிப் பெட்டியின் விளக்கு அணைந்தது. நர்ஸ் ஜெனரேட்டர் அறைக்கு ஓடினாள். டாக்டர் ஜெசிந்தா ஓடவில்லை. நெற்றியைப் புறங்கையால் துடைத்தார், துடைத்த கையைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பிள்ளையை எடுத்துத் தேன்மொழியின் நெஞ்சில் ஒட்டிப் போட்டார்.

எல்லோரும் பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால், வார்டு வாசலில், ஜன்னலில், மரத்தடியில், எங்கே நின்றால் தெரியுமோ அங்கே. தேன்மொழி மூச்சே விடவில்லை. கால் சிவப்பாகவே இருந்தது. சிவப்பாகவே இருந்தது. பிறகு அந்தப் பயல் தலையை இரண்டு பக்கமும் உரசித் தேடி, பிடித்து, குடிக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தம், பூனை நக்குகிற மாதிரி, வாசல் வரைக்கும் கேட்டது.

சன்னலோரம் வெயில் வந்து நின்றது. கொஞ்சம் தயங்கின மாதிரித்தான் இருந்தது. பிறகு கட்டில் மேல் ஏறி, போர்வை மேல் நடந்து, பிள்ளையின் முதுகில் கை வைத்தது. அவன் மூக்கு நுனியில் கடுகளவு வியர்வை பூத்தது.

சோலைராசு பதறிப்போய்த் கட்டில் கம்பியில் கிடந்த துண்டை எடுத்து விசிறப் போனார். இருளாயி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விசிறாதடா. இப்பத்தான் வந்திருக்கான். மருமகனைக் கொஞ்ச நேரம் தொட்டுப் பாத்துக்கட்டும்.”